யாரை முதலில் உள்ளே விட்டார்கள்? வளரும் நாடுகளின் நலத்திட்டங்கள் ஏன் ஒன்றுபோல இல்லை

நேபாளம் 1995இல் ஒரு காரியம் செய்தது. 75 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 100 ரூபாய் ஓய்வூதியம். அரசு வேலை பார்த்திருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும், ஏழை என்று சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. வயது ஆகியிருந்தால் போதும். தொகை சின்னதுதான், ஆனால் அன்றைய நேபாளம் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே ஆண்டு மெக்சிகோ எப்படி இருந்தது? வருமானத்தில் நேபாளத்தைவிடப் பல மடங்கு மேலே. 1943லிருந்தே அங்கே ஒரு பெரிய சமூகக் காப்பீட்டு நிறுவனம் இயங்கிக்கொண்டிருந்தது, அதற்குச் சொந்த மருத்துவமனைகள்கூட உண்டு. இருந்தும் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தக் காப்பீட்டுக்கு வெளியேதான் நின்றார்கள்.

நாடு பணக்கார நாடானால் நலத்திட்டங்கள் தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது முழுப் பொய் இல்லை. ஆனால் வளரும் நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே அளவு வருமானம் உள்ள இரண்டு நாடுகளில் முற்றிலும் வேறு வேறு அமைப்புகள் இருப்பது கண்ணில் படும். ஒன்றில் எல்லாருக்கும் மருத்துவம் உண்டு, ஓய்வூதியம் இல்லை. இன்னொன்றில் அரசு ஊழியருக்கு மட்டும் தாராளமாக எல்லாம் உண்டு, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. வேறொன்றில் இரண்டும் கிடையாது, ஆனால் ரொட்டி மட்டும் மலிவு. இது ஏன் என்பதுதான் கேள்வி. பல காரணங்கள் உண்டு என்றாலும், எல்லாவற்றையும் கோத்துப் பார்க்க உதவும் ஒரு கேள்வி இருக்கிறது என்பது என் எண்ணம்: அந்த நாட்டில் முதலில் யாரை உள்ளே விட்டார்கள்?

அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. அரசு மக்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப் பெரும்பாலும் மூன்று வழிகளைப் பயன்படுத்துகிறது. முதலாவது, சமூகக் காப்பீடு. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு, முதலாளியிடமிருந்து ஒரு பங்கு, சில இடங்களில் அரசும் கொஞ்சம் போடும். நோய், விபத்து, முதுமை வந்தால் அந்தப் பொது நிதியிலிருந்து பணம் வரும். 1883இல் நோய்க்கும், 1884இல் விபத்துக்கும், 1889இல் முதுமைக்கும் என்று ஜெர்மனியில் அன்றைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க் தொடங்கிவைத்த வழி இது. இரண்டாவது, வரிப்பணத்திலிருந்து நேரடியாகக் கொடுப்பது. சந்தா கட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் கொடுக்கலாம், ஏழைகளுக்கு மட்டும் என்று வடிகட்டியும் கொடுக்கலாம். மூன்றாவது, வருங்கால வைப்பு நிதி. உன் சம்பளத்தில் பிடித்த பணம் உன் பெயரிலேயே வட்டியோடு சேரும், கடைசியில் உனக்கே வரும். இதில் யாரும் யாரையும் தாங்குவதில்லை. குறைவாகச் சம்பாதித்தவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இவற்றைத் தவிர மானிய விலை உணவு, இலவசப் பள்ளி, அரசு மருத்துவமனை என்று சேவைகள் தனி. எந்த நாட்டிலும் இவையெல்லாம் கலந்துதான் இருக்கும். எஸ்பிங்-ஆண்டர்சன் என்ற டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலாளர் 1990இல் 18 பணக்கார நாடுகளை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார், இன்றும் எல்லாரும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த மூன்று வகைக்குள் வளரும் நாடுகளை அடக்கப் பார்த்தால் பாதி நாடுகள் எதிலும் சேராது. அந்த வகைப்பாடு, பெரும்பாலோர் மாதச் சம்பளம் வாங்கும் நாடுகளை வைத்து உருவானது.

பணம் ஒரு காரணம், ஆனால் பாதிக் காரணம்

பணத்தைப் பற்றி வேகமாகப் பேசிவிடலாம். பணக்கார நாடுகளின் அரசுகள் சராசரியாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை வரியாகத் திரட்டுகின்றன. ஏழை நாடுகள் பலவற்றில் அது 10 முதல் 15 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. கையில் இல்லாததைக் கொடுக்க முடியாது, இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2023இல் உலக மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குத்தான் ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்பாவது இருந்தது; மிகக் குறைந்த வருமான நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

இதைவிட முக்கியமான இடைஞ்சல் வேலையின் தன்மையில் இருக்கிறது. அதே அமைப்பு 2018இல் சொன்னது: உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது வேலை செய்பவர்களில் 61 சதவீதம் பேர், அமைப்புசாரா வேலையில் இருக்கிறார்கள். சம்பளப் பட்டியல் இல்லை, நிலையான முதலாளி இல்லை, மாத வருமானமும் ஒரே அளவாக வராது. பிஸ்மார்க் வழியில் சந்தா பிடிக்க வேண்டுமென்றால் யாரிடம் பிடிப்பது? ஜெர்மனியில் அந்தச் சட்டங்கள் வந்தபோது தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன, ஆண்டுக்கு ஆண்டு இன்னும் பலர் சம்பளப் பட்டியலுக்குள் வந்துகொண்டிருந்தார்கள், அதனால் காப்பீடும் கூடவே விரிந்தது. வளரும் நாடுகள் பலவற்றில் சட்டம் வந்தது, தொழிற்சாலை அந்த அளவுக்கு வரவில்லை.

சரி, அப்படியென்றால் எல்லா வளரும் நாடுகளும் ஒரே மாதிரி தோற்றிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

மேலிருந்து தொடங்கிய பிரேசில், கீழிருந்து தொடங்கிய கோஸ்டா ரிக்கா

பிரேசிலில் சமூகக் காப்பீட்டின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1923ஆம் ஆண்டின் எலோய் சாவிஸ் சட்டம். அது ரயில்வே தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதி அமைத்துக் கொடுத்தது. ஏன் ரயில்வே? காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது ரயில். ரயில் நின்றால் ஏற்றுமதி நிற்கும், ஏற்றுமதி நின்றால் அரசின் வருமானமே நிற்கும். எனவே வேலைநிறுத்தம் செய்தால் நாட்டுக்கு வலிக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது. அப்புறம் துறைமுகம், வங்கி, வணிகம் என்று தொழில்வாரியாகத் தனித்தனி நிதிகள், தனித்தனிச் சலுகைகள். 1930இல் ஆட்சிக்கு வந்த வர்காஸ் இதைப் பெரிதாக்கினார், தொழிற்சங்கங்களை அரசின் கைக்குள் வைத்துக்கொள்ள இது நல்ல கருவியாகவும் இருந்தது. வயலில் வேலை செய்தவர்களும் வீட்டுவேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகள் வெளியே நின்றார்கள்.

வெளியே நின்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதோடு கதை முடியவில்லை, அவர்கள் செலவையும் ஏற்றார்கள். இறக்குமதிக்குப் பெரிய சுங்கவரி போட்டு உள்நாட்டுத் தொழிலைப் பாதுகாத்த காலம் அது. போட்டி இல்லாததால், தொழிலாளிக்காகக் கட்டிய பங்கைப் பொருளின் விலையில் ஏற்றிவிடுவது முதலாளிக்குச் சுலபம். அந்தப் பொருளை வாங்குபவர்களில் காப்பீடே இல்லாதவர்களும் இருந்தார்கள். உள்ளே இருப்பவரின் ஓய்வூதியத்துக்கு வெளியே இருப்பவர் மறைமுகமாகப் பணம் கட்டுகிறார்! லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் இதுதான் நடந்தது.

வெளியே இருந்தவர்கள் ஏன் தேர்தலில் பழிவாங்கவில்லை என்று கேட்பீர்கள். பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1985 வரை வாக்குரிமை இல்லை. இடையில் 1964 முதல் 21 ஆண்டுகள் ராணுவ ஆட்சி வேறு. ராணுவ ஆட்சி முடிந்து, எழுத்தறியாதவர்களுக்கும் வாக்கு வந்தபின், 1988இல் எழுதிய புதிய அரசியலமைப்பு நிலைமையைப் புரட்டியது: எல்லாருக்கும் வரிப்பணத்தில் மருத்துவம், சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்காத கிராமத்து விவசாயிக்கும் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமான ஓய்வூதியம். ஏழைக் குடும்பங்களுக்கான, உலகம் பாராட்டும் போல்சா ஃபமிலியா உதவித்தொகை 2003இல்தான் வந்தது. அதைவிட அந்தக் கிராமத்து ஓய்வூதியம்தான் பெரிய திருப்பம் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அதற்கு அவ்வளவு விளம்பரம் இல்லை.

இப்போது கோஸ்டா ரிக்கா. இதுவும் காப்பி ஏற்றுமதி செய்த நாடு, சின்ன நாடு. 1941இல் அதிபர் கால்டெரோன் குவார்டியா சமூகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் நின்ற கூட்டணி விசித்திரமானது, ஒரு பக்கம் கத்தோலிக்கத் தலைமை ஆயர் சனாப்ரியா, இன்னொரு பக்கம் மனுவேல் மோரா தலைமையிலான கம்யூனிஸ்டுகள். முக்கியம் அதுவல்ல. அந்தக் காப்பீட்டில் தொடக்கத்தில் ஒரு சம்பள உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்புக்குக் கீழே சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள்தான் முதலில் சேர்க்கப்பட்டார்கள். பிரேசிலில் செல்வாக்குள்ளவர்கள் முதலில் உள்ளே போனார்கள் என்றால் இங்கே குறைந்த கூலிக்காரர்கள் முதலில் போனார்கள்.

இந்த ஒரு வேறுபாட்டின் விளைவு பெரியது. மேலிருந்து தொடங்கிய அமைப்பில், உள்ளே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே நல்ல சலுகை உண்டு, புதிதாக ஏழைகளைச் சேர்த்தால் பங்கு குறையும், அதனால் அவர்கள் வாசலை இறுகச் சாத்துகிறார்கள். கீழிருந்து தொடங்கிய அமைப்புக்கோ எப்போதும் பணப் பற்றாக்குறை. அதற்கு நல்ல சம்பளக்காரர்களின் சந்தா தேவை. எனவே நிர்வாகமே வாசலை அகலப்படுத்தப் பார்க்கிறது. 1961இல் கோஸ்டா ரிக்கா அரசியலமைப்பைத் திருத்தி, பத்தாண்டுக்குள் எல்லாரையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று கட்டளையே போட்டது. சம்பள வரம்பும் பின்னால் நீங்கியது. வசதியானவரும் கூலிக்காரரும் ஒரே மருத்துவமனை அமைப்புக்குள் வந்தார்கள். வசதியானவர் வந்து போகும் மருத்துவமனை மோசமானால் அவர் சத்தம் போடுவார், அந்தச் சத்தத்தின் பலன் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சேரும்.

நடுவில் 1948இல் ஒரு உள்நாட்டுப் போர் நடந்தது, கால்டெரோன் தரப்பு தோற்றது. வென்ற ஃபிகெரெஸ் எதிராளியின் திட்டத்தைக் கலைத்திருக்கலாம். கலைக்கவில்லை, அதைத் தொடரவிட்டு ராணுவத்தைக் கலைத்தார். ராணுவச் செலவு மிச்சமானது மட்டும் லாபம் இல்லை. லத்தீன் அமெரிக்காவின் மற்ற நாடுகளில் முதல் ஆளாக நல்ல ஓய்வூதியம் வாங்கிக்கொள்ளும் ஒரு கூட்டம் இங்கே இல்லாமலே போய்விட்டது.

கொரியா மட்டும் எப்படித் தப்பியது?

இதுவரை சொன்னதைக் கேட்டு, மேலிருந்து தொடங்கினால் கட்டாயம் மாட்டிக்கொள்வோம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தென் கொரியா அப்பட்டமாக மேலிருந்துதான் தொடங்கியது. அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் 1960இல், ராணுவத்தினருக்கு 1963இல். 1961இல் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீக்கு நலத்திட்டம் முன்னுரிமை இல்லை, ஏற்றுமதிதான் எல்லாம். கட்டாய மருத்துவக் காப்பீடு 1977இல் வந்தபோதுகூட, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான். அரசு தன் கையிலிருந்து அதிகம் போடவில்லை, நிறுவனமும் தொழிலாளியும் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் 12 ஆண்டுகளில், 1989க்குள், நாடு முழுவதும் காப்பீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, தொழிற்சாலை வேலை உண்மையிலேயே மக்களை உள்ளிழுத்தது. நிறுவன வரம்பு 500லிருந்து படிப்படியாக இறங்க இறங்க, பட்டியலுக்குள் வந்தவர்கள் பெருகினார்கள். ஜெர்மனியில் நடந்ததுதான் இங்கேயும், இன்னும் வேகமாக. இரண்டாவது, 1987இல் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கி நேரடி அதிபர் தேர்தலைப் பெற்றார்கள். தேர்தல் வந்தால் விவசாயியின் வாக்கும் வேண்டும். 1988இல் கிராமத்தினரும், 1989இல் நகரத்துச் சுயதொழில்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான தனித்தனிக் காப்பீட்டுச் சங்கங்களாக இருந்தவை 2000இல் ஒரே நிறுவனமாக இணைந்தன, அதற்கும் பெரிய சண்டை நடந்தது. 1997இன் நிதி நெருக்கடியில் வேலையிழந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தபின் 1999இல் அடிப்படை வாழ்வாதாரச் சட்டமும் வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வாங்கிய நேரத்தில் நலத்திட்டம் விரிந்த அபூர்வமான நாடு இது.

அதனால் தொடக்கம் தலையெழுத்து இல்லை. ஆனால் மேலிருந்து தொடங்கிய நாடு அதிலிருந்து வெளியே வர, பெருவாரியான நல்ல வேலைகளோ பெரிய அரசியல் மாற்றமோ வேண்டும். கொரியாவுக்கு இரண்டும் ஒரே காலத்தில் வாய்த்தன. பிரேசிலுக்கு இரண்டாவது மட்டும், அதுவும் தாமதமாக.

காலனியாட்சி விட்டுப்போனவை

பிரிட்டன் 1948இல் தன் மக்களுக்கு வரிப்பணத்தில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் தன் காலனிகளுக்கு அது சிபாரிசு செய்தது வருங்கால வைப்பு நிதி: மலாயாவில் 1951, சிங்கப்பூரில் 1955. காரணம் வெளிப்படை, இதில் காலனி அரசுக்குச் செலவே இல்லை. விடுதலைக்குப் பின் வந்த அரசுகளும் அதையே வைத்துக்கொண்டன. சிங்கப்பூர் அதை ஒரு தத்துவமாகவே வளர்த்தது, 1968லிருந்து அந்தச் சேமிப்பை எடுத்து அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டை வாங்கலாம் என்று அனுமதித்தது. சம்பளம் வேகமாக உயர்ந்த நாட்டில் இது நன்றாகவே ஓடியது. சம்பளப் பட்டியலில் சிறு பகுதியினரே இருந்த ஆப்பிரிக்க நாடுகளிலும் விடுதலைக்குப் பின் இதே மாதிரியான நிதிகள் வந்தன. அங்கே விலைவாசி ஏறி சேமிப்பைத் தின்ற கதைகள்தான் அதிகம்.

தென்னாப்பிரிக்காவின் கதை இதற்கு நேர்மாறு, கசப்பான வேடிக்கையும்கூட. 1928இல் அங்கே வந்த முதியோர் ஓய்வூதியம் ஏழை வெள்ளையரை மனத்தில் வைத்து உருவானது; வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும். 1944இல் கறுப்பினத்தவரையும் இந்திய வம்சாவளியினரையும் சேர்த்தார்கள், ஆனால் இனத்துக்கு ஒரு தொகை, கறுப்பினத்தவருக்கு மிகக் குறைவு. பச்சையான இனவெறித் திட்டம். ஆனால் அது சந்தா கேட்கும் காப்பீடாக இல்லாமல் வரிப்பணத்தில் ஓடியதால், இனவெறி ஆட்சி சரிந்த நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது தொகையைச் சமமாக்குவது மட்டும்தான். 1993இல் அது முடிந்தது. 1998இல் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் அதே வழியில் சேர்ந்துகொண்டது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ரொக்க உதவி அமைப்புகளில் ஒன்று இப்படித்தான் உருவானது.

வாக்கும் தெருவும்

இலங்கை 1931இலேயே எல்லா வயதுவந்தோருக்கும் வாக்குரிமை பெற்றது. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கு வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதலைக்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, தொழிற்சாலைகள் எழும்பும் முன்பே, அங்கே அரசியல்வாதி கிராமத்து வாக்காளரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அதனால் முதலில் உள்ளே போனது தொழிற்சங்கமல்ல, கிராமம். 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய்க்குப் பின் கிராமங்களில் மருத்துவ வசதி பரவியது, போர்க்காலத்தில் 1942இல் அரிசி ரேஷன் வந்தது, 1945இல் இலவசக் கல்வி. 1953இல் அரசு மானியத்தை வெட்டி ஒரு கொத்து (இலங்கையில் அரிசி அளக்கும் அளவு) அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஆகஸ்ட் மாதம் ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அதன்பின் அரிசியில் கைவைக்கப் பல அரசுகள் நடுங்கின.

இதே இலங்கையில் மலையகத் தமிழர்களை மறந்துவிடக் கூடாது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமைச் சட்டமும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்தே வெளியேற்றின. நாட்டின் மற்ற பகுதிகள் கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னேறிக்கொண்டிருந்தபோது தோட்டங்கள் பல பத்தாண்டுகள் பின்தங்கின. தோட்டப் பள்ளிகள் 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. நாடும் ஒன்று, கருவூலமும் ஒன்று. வாக்கு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் கிடைத்தது வேறு.

வாக்கு இல்லாத இடங்களில் தெரு அந்த வேலையைச் செய்கிறது, ஆனால் வேறு மாதிரி. எகிப்தில் 1977 ஜனவரியில் சாதாத் அரசு உணவு மானியங்களைக் குறைத்ததும் நகரங்கள் கொதித்தன, சில நாள்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. மானிய ரொட்டி பல பத்தாண்டுகள் ஐந்து பியாஸ்டரிலேயே (100 பியாஸ்டர் ஒரு எகிப்தியப் பவுண்டு) நின்றது. ரொட்டியின் எடை குறைந்தது, விலை ஏறவில்லை. 2024 ஜூனில்தான் 20 பியாஸ்டர் ஆனது. தேர்தலுக்குப் பயப்படாத அரசு கலவரத்துக்குப் பயப்படுகிறது. கலவரம் தலைநகரில் வரும், உடனே வரும், எனவே அந்த அரசுகள் உடனடியாகக் கையில் தெரியும் மலிவு உணவையும் எரிபொருளையும் கொடுக்கின்றன. 30 ஆண்டு கழித்துப் பலன் தரும் ஓய்வூதியத்துக்கு அங்கே அவசரம் இருப்பதில்லை.

ஜனநாயகம் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது, கட்சிகள் எதை வைத்துப் போட்டியிடுகின்றன என்பதும் சேர்ந்துதான் வரும். தாய்லாந்தில் 2001 தேர்தலில் தக்சின் ஒரு மருத்துவமனை வருகைக்கு 30 பாட் என்று எளிதாகச் சொல்லக்கூடிய வாக்குறுதி தந்து வென்றார். அதற்குப் பின்னால் கிராமப்புற மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தயாரித்து வைத்திருந்த திட்டம் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏறத்தாழ 4.7 கோடிப் பேர் அதில் வந்தார்கள். 2006இல் ராணுவம் தக்சினைக் கவிழ்த்தது, திட்டத்தைக் கவிழ்க்கவில்லை. அந்த 30 பாட் கட்டணத்தையும் ரத்து செய்தது! ஆனால் அரசு ஊழியருக்கும் தனியார் ஊழியருக்கும் முன்பே இருந்த தனித் திட்டங்களை இதனோடு இணைக்க முடியவில்லை. முதலில் உள்ளே போனவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அங்கே மூன்று திட்டங்கள்தான்.

முதலில் சொன்ன நேபாளத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். அந்த ஓய்வூதியத்தைக் கொண்டுவந்த பிரதமர் மன்மோகன் அதிகாரியின் அரசு பெரும்பான்மை இல்லாத கம்யூனிஸ்ட் அரசு, ஒன்பது மாதமே நீடித்தது. அப்புறம் வந்தவர்கள் யாரும் அதை நீக்கத் துணியவில்லை, தொகையைக் கூட்டினார்கள், வயதைக் குறைத்தார்கள்.

வெளியிலிருந்து வந்த யோசனைகள்

உள்நாட்டு அரசியல் மட்டும் என்றால் கணக்கு எளிது. கடன் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 1981இல் பினோசெட்டின் ராணுவ ஆட்சியில் சிலி தன் ஓய்வூதியத்தைத் தனியார்மயமாக்கியது. தொழிலாளி சம்பளத்தில் 10 சதவீதம் தனியார் நிறுவனத்தில் அவரவர் கணக்குக்குப் போகும். (திட்டத்தைக் கொண்டுவந்த ராணுவம் மட்டும் தன் பழைய ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டது.) 1994இல் உலக வங்கி இந்த வழியைப் பரிந்துரைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் 2014 வரை 30 நாடுகள் முழுதாகவோ பகுதியாகவோ இதைப் பின்பற்றின, 2018க்குள் அவற்றில் 18 நாடுகள் திரும்பிவிட்டன. தனிக்கணக்கில் சேமிக்க நிலையான சம்பளம் வேண்டும் என்ற பழைய சிக்கல் இதிலும் தீரவில்லை. சிலியே 2008இல் வரிப்பணத்தில் ஓர் ஓய்வூதியத்தைச் சேர்த்தது.

மெக்சிகோ 1997இல் தொடங்கிய ப்ரோக்ரேசா இன்னொரு வகை: குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பினால், மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால் தாய்க்குப் பணம். 506 கிராமங்களை எடுத்து ஆய்வு செய்து பலன் உண்டு என்று காட்டியதால் இது உலகெங்கும் பரவியது. நல்ல திட்டம்தான். ஆனால் காப்பீட்டின் வாசல் இதனால் திறக்கவில்லை, வெளியே நின்றவர்களுக்கு வெளியிலேயே ஏதோ கொடுத்தார்கள். அதனால் அதைக் காக்க வலுவான கூட்டமும் உருவாகவில்லை. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறி, 2019இல் முடிக்கப்பட்டது. 1943இன் சமூகக் காப்பீட்டு நிறுவனம் இன்றும் இருக்கிறது.

இயற்கை வளம் உள்ள நாடுகள் தனி ரகம். பொலிவியா எண்ணெய், எரிவாயு வரியிலிருந்து 2008இல் 60 வயதானவர்களுக்கெல்லாம் ஓய்வூதியம் தந்தது. வளைகுடா நாடுகள் குடிமக்களுக்குத் தாராளமாகக் கொடுக்கின்றன, அங்கே உழைக்கும் வெளிநாட்டவரை வாசலுக்கு வெளியே வைத்திருக்கின்றன. எத்தியோப்பியாவில் 2005இல் வந்த பெரிய உணவுப் பாதுகாப்புத் திட்டத்தின் செலவில் பெரும்பகுதியை நன்கொடை நாடுகள் ஏற்றன. இங்கெல்லாம் பணம் மக்களின் வரியிலிருந்து வருவதில்லை என்பதால், அது சந்தைவிலைக்கும் கொடுப்பவரின் மனத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும்.

2020இல் கொரோனா வந்தபோது இதையெல்லாம் ஒரே ஆண்டில் பார்க்க முடிந்தது. டோகோ நாட்டு அரசு ஏப்ரலில், வாக்காளர் பட்டியலை வைத்து, அமைப்புசாரா வேலை செய்பவர்களின் கைப்பேசிக்கே பணம் அனுப்பியது. வேகத்தில் உலகமே அசந்தது. தொற்றின் நெருக்கடி தணிந்ததும் அது நின்றுபோனது. தென்னாப்பிரிக்கா மே மாதம், வேலையில்லாத 18 முதல் 59 வயதினருக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் என்று மாதம் 350 ராண்ட் அறிவித்தது. தொழில்நுட்பத்தில் டோகோ அளவுக்கு மினுக்கம் இல்லை, வரிசைகளும் குழப்பமும் ஏராளம். ஆனால் அங்கே ஏற்கெனவே 1.7 கோடிக்கும் மேற்பட்ட உதவித்தொகைகளை மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அமைப்பு இருந்தது, உரிமை என்று நீதிமன்றம் போகத் தெரிந்த இயக்கங்களும் இருந்தன. அந்த ஆறு மாதத் திட்டம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 2024இல் 370 ராண்டாக உயர்ந்தது. அதை நிரந்தர அடிப்படை வருமானமாக்கலாமா என்பதுதான் இப்போது அங்கே நடக்கும் சண்டை.